ஒரே கார், இரண்டு பெயர்: எந்தப் பெயருக்குப் பணம் கொடுப்பது?

கீழக்கரைக்காரன் எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு மாதமாகத் தீராத வழக்கு ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன். ஏழு பேர் அமரும் கார் ஒன்று வாங்க வேண்டும். நான் மாருதி சுசுகி எர்டிகா என்கிறேன். வாப்பா டொயோட்டா ரூமியன்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் தம்மாமில் இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். இன்ஜினைத் திறக்காமலேயே வெயிலிலும் மணலிலும் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஹைலக்ஸைக் கையாண்ட மனிதருக்கு, டொயோட்டா என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் இரண்டு ஷோரூம்களுக்கும் போய் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கின் நடுவே இருக்கும் சின்னத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டால் எந்தக் காரில் இருக்கிறோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின், அதே கதவு, அதே இருக்கை, கதவைச் சாத்தும்போது எழும் அதே ஓசை. முன் கிரில், பம்பர், சக்கரத்தின் வடிவம் ஆகியவை மட்டுமே வேறு. இதை வாப்பாவிடம் சொன்னால், "பெரிய கம்பெனிக்காரன் சும்மா தன் பெயரைக் கொடுப்பானா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. விவரம் தெரிந்த காக்காமார்களும் அண்ணன்மார்களும் சொல்லுங்கள்: பெயர் மாறும்போது காரில் வேறு என்னதான் மாறுகிறது?

மண்டபம் மெக்கானிக் எழுதியது:

தம்பி, உங்கள் வாப்பா கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் பார்த்ததும் சரிதான். காரை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கும் எனக்கு, இந்த இரட்டைக் கார்களில் எது எது என்று தெரிந்துகொள்ள மீண்டும் முன்னால் போய்ச் சின்னத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு என் வொர்க்‌ஷாப்பில் மாருதி பலேனோவும் அதன் இரட்டையான டொயோட்டா கிளான்சாவும் ஒரே நாளில் பிரேக் வேலைக்கு வந்தன. இரண்டுக்கும் முன் பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றுக்கு அதன் கம்பெனிப் பெட்டியிலும் மற்றதற்கு அதன் கம்பெனிப் பெட்டியிலும் வாங்கி வரச் சொன்னேன். இரண்டு பெட்டிகளையும் பிரித்து மேசைமேல் வைத்தபோது பேடின் அளவும், பின்புற இரும்புத் தகட்டின் வெட்டும், ஓரத்தில் தட்டப்பட்டிருந்த குறியும் ஒன்றாகவே இருந்தன. மாறியவை அட்டைப்பெட்டி, அதன்மேல் அச்சிட்ட எண், பில்லில் இருந்த தொகை ஆகியவைதான். எது கூடுதல் விலை என்பதை இங்கே எழுதிச் சண்டைக்கு இழுக்கப்போவதில்லை. ஆனால், வாரண்டி முடிந்த காராக இருந்தால் இரண்டு கடைகளிலும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். வாரண்டி நடப்பில் இருந்தால் உங்கள் காரின் பெயர் போட்ட பெட்டியையே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம்பன் பாலத்தின் உப்புக் காற்றுக்குச் சின்னம் படிக்கத் தெரியாது. சைலன்சர் இணைப்பு, பிரேக் காலிப்பர், பின் அச்சின் வெல்டிங் ஓரம் ஆகிய இடங்களில் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மாதிரியாகத்தான் துருப்பிடிக்கின்றன. டொயோட்டா என்று எழுதியதால் அடித்தகட்டில் கூடுதலாக ஒரு பூச்சு ஏறியிருக்கும் என்று எண்ணி வாங்குவீர்களானால், அப்படி எதையும் நான் கண்டதில்லை.

பாம்பன் களத்துமேடு எழுதியது:

இதில் வியக்க என்ன இருக்கிறது? எங்கள் களத்தில் ஒரே வெயிலில் காய்ந்த நெத்திலிதான் இரண்டு வியாபாரிகளின் பைக்குள் போய் இரண்டு பெயரும் இரண்டு விலையும் பெறுகிறது. மீனுக்குத் தெரியுமா தான் எந்தப் பையில் இருக்கிறோம் என்று? கூடுதல் விலை கொடுப்பவர் பைக்கு விலை கொடுக்கிறார். காரும் அப்படித்தான்.

தொண்டி ஆசிரியை எழுதியது:

கருவாட்டு உவமை சுவையாக இருக்கிறது, ஆனால் பாதி வழி வரைதான் செல்லும். நெத்திலியை ஒரு வாரத்தில் தின்று முடித்துவிடுவோம். அதன் பிறகு வியாபாரியிடம் நமக்கு ஒரு வேலையும் இல்லை. காரோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் வீட்டில் இருக்கும் பொருள். அத்தனை ஆண்டுகளும் அதற்கு உதிரி கொடுப்பவர், குறை வந்தால் பொறுப்பேற்பவர், திரும்ப விற்கும்போது மதிப்புக்கு ஆதாரமாக நிற்பவர் எல்லாரும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்கள்தாம். பெயருக்குக் கொடுக்கும் பணம் இரும்புக்குப் போகாவிட்டாலும் அந்தப் பொறுப்புக்குப் போகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாப்பாவின் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. டொயோட்டாவும் சுசுகியும் 2017ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு பற்றிப் பேசத் தொடங்கி, 2018இல் இந்தியாவில் ஒருவருக்கொருவர் கார்களை வழங்கிக்கொள்வதென ஒப்பந்தம் செய்துகொண்டன. டொயோட்டாவிடம் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த) நுட்பம் இருந்தது, ஆனால் சிறிய கார்களை மலிவாகச் செய்யும் கை சுசுகியினுடையது. அதன் பயனாக 2019 ஜூனில் பலேனோ கிளான்சாவாகவும், 2020இல் விட்டாரா பிரெஸ்ஸா அர்பன் குரூசராகவும், 2023இல் எர்டிகா ரூமியனாகவும், 2024இல் ஃபிரான்க்ஸ் டைசராகவும் டொயோட்டா ஷோரூமுக்குள் வந்தன. எதிர்த்திசையில் 2023இல் இன்னோவா ஹைகிராஸ், இன்விக்டோ என்ற பெயரில் மாருதிக்குப் போயிற்று. 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் பெங்களூருவை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் உருவானவை. ஆகவே பெயரை விடுத்து, செய்யும் கையைத்தான் நம்புவேன் என்று உங்கள் வாப்பா சொல்வாரானால், அவர் மாருதி ஷோரூமுக்குப் போய் கிராண்ட் விட்டாரா கேட்டிருக்க வேண்டும்!

பெயர் என்பது வெறும் பைதான் என்று சொல்பவர்களுக்கு, கிளான்சா அறிமுகமான நாளின் கணக்கைக் காட்டலாம். அன்று பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டி. அதே காருக்கு டொயோட்டா கொடுத்தது 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். அதற்கு மேல், ஹைபிரிட் இன்ஜின் கொண்ட கிளான்சாவின் தொடக்க வகை, அதற்கு இணையான பலேனோவைவிட ஏறத்தாழ 65,000 ரூபாய் குறைவாகவும் இருந்தது. பெரிய பெயரின் கார் விலை குறைவாகவும் உத்தரவாதம் கூடுதலாகவும் கிடைத்த காலம் அது. 2024 ஜூலையில் மாருதியும் தன் வாரண்டியை 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்திவிட்டது. அதனால் அந்தப் பழைய கணக்கை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு ஷோரூம்களிலும் எழுத்தில் வாங்கி ஒப்பிட வேண்டும்.

தேவிபட்டினத்தான் எழுதியது:

எத்தனை விளக்கம் சொன்னாலும் எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. அடுத்தவன் செய்த காரில் தன் சின்னத்தை ஒட்டி விற்பவன், "இது இன்னார் செய்தது" என்று காரின் பின்புறத்தில் எழுத வேண்டாமா? ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில்கூட விற்பவரின் பெயர்தான் தயாரிப்பாளர் என்று வருகிறது.

சாயல்குடி முன்னாள் ஒரகடம் எழுதியது:

நான் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில் ஒப்பந்தப் பணியில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஒரே வரிசையில் இரண்டு பெயர்க் கார்கள் இறங்குவதை நாள்தோறும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தகடுகளை வெல்டிங் செய்யும் பிரிவில் இருப்பவருக்கும் வண்ணப் பிரிவில் இருப்பவருக்கும் எது எந்தப் பெயருக்குப் போகிறது என்பதில் பெரிய அக்கறை இல்லை. பொருத்தும் வரிசைக்கு வந்த பிறகுதான் கதை மாறும். ஒவ்வொரு காரின் போனட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தப் பம்பர், எந்தக் கிரில், எந்த விளக்கு, எந்தச் சக்கரம் என்று அதில் குறியீடுகள் இருக்கும். அந்த வரிசைப்படியே தள்ளுவண்டியில் உதிரிகள் அடுக்கி வரும். ஒரு காருக்கு ஒரு பெயரின் கிரில், பின்னால் வரும் காருக்கு மற்றப் பெயரின் கிரில். முடிவில் பின்கதவில் சின்னத்தை ஒட்ட ஓர் அச்சுப்பலகை வைத்திருப்போம். அதைக் கதவின் ஓரத்தோடு பொருத்தி, பின்தாளை உரித்து, கட்டைவிரலால் அழுத்தினால் கார் இன்ன குடும்பத்துப் பிள்ளை ஆகிவிடும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிட வேலை.

பம்பரையும் கிரில்லையும் மட்டும் ஏன் மாற்றுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அவை பிளாஸ்டிக்; அவற்றுக்கான வார்ப்பச்சு செலவு குறைந்தது. கதவு, ஃபெண்டர், கூரை ஆகிய இரும்புத் தகடுகளை அழுத்தும் அச்சுகளுக்கோ பெரும் பணம் வேண்டும்; புதிதாக ஒன்று செய்தால் விபத்துச் சோதனை முதல் பலவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆதலால் இரட்டைக் காரை அடையாளம் காணப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டுமொத்தமாக ஒன்றாக இருந்தால் அது பெயர் மாற்றம் மட்டுமே.

அதே ஒரகடத்தில் உருவான நிசான் மேக்னைட்டையும் ரெனோ கைகரையும் அப்படிப் பாருங்கள்: அடித்தளமும் இன்ஜினும் பொதுவாக இருந்தாலும் உடல் வேறு, கதவு வேறு. அவற்றை இரட்டை என்பதைவிடப் பங்காளி என்பதே சரி. ரெனோ பல்ஸும் நிசான் மைக்ராவும், ஸ்காலாவும் சன்னியும்தான் அசல் இரட்டையர். 2012இல் வந்த ரெனோ டஸ்டரும் 2013இல் வந்த நிசான் டெரானோவும் நடுவில் நிற்பவை. டெரானோவின் முகத்தையும் டேஷ்போர்டையும் ஓரளவு உழைத்து மாற்றி, டஸ்டரைவிடக் கூடுதல் விலை வைத்தார்கள். மக்கள் டஸ்டரைத்தான் தேடிப்போனார்கள்.

தேவிபட்டினத்து அண்ணனுக்கு ஒரு வார்த்தை: வரிசையில் நின்ற எங்களில் ஒருவரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. இரண்டுக்கும் ஒரே டார்க் (முறுக்கு விசை) அளவில்தான் போல்ட்டை முறுக்கினோம்.

தொண்டி ஆசிரியை எழுதியது:

தேவிபட்டினத்து அண்ணனின் ஆதங்கத்தை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் இந்த வழக்கு ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1977இல் அமெரிக்காவில் சிகாகோ பகுதியில் ஒருவர் தம் ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88 காரைப் பழுது பார்க்க விட்டபோது, ஓல்ட்ஸ்மொபைலுக்கு உரிய பெல்ட்டும் எண்ணெய் வடிகட்டியும் அதில் பொருந்தவில்லை. பார்த்தால், உள்ளே இருந்தது செவ்ரோலெட் இன்ஜின். இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே கம்பெனியின் பெயர்கள்தாம். ஆனால் ஓல்ட்ஸ்மொபைலின் 'ராக்கெட்' இன்ஜின் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்து, அதற்காகவே கூடுதல் விலையும் வாங்கியவர்கள், சொல்லாமல் வேறொன்றை வைத்ததுதான் குற்றமாயிற்று. வழக்குகள் குவிந்த பிறகு, இன்ஜின்கள் கம்பெனியின் வெவ்வேறு பிரிவுகளில் செய்யப்பட்டவை என்று விளம்பரங்களில் சிறு எழுத்தில் அச்சிடத் தொடங்கினார்கள்.

அதே கம்பெனி 1982ஆம் ஆண்டு மாடலாக, செவ்ரோலெட் கவலியர் என்ற எளிய காருக்குத் தோல் இருக்கையும், தன் ஆடம்பரக் கார்ப் பெயரான காடிலாக்கின் சின்னமும் வைத்து 'சிமரான்' என்று விற்றது. வாங்கியவர்களுக்கு அது தெரிந்துபோனதால் 1988இல் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் காரால் வந்த அவப்பெயர் காடிலாக்கின் மற்றக் கார்களையும் தொட்டது. வாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பெயரைக் கொடுப்பவன் சும்மா கொடுப்பதில்லை என்பது உண்மைதான், தவறான பொருளுக்குக் கொடுத்தால் இழப்பவனும் அவனே. அதனால் பொருளைப் பார்த்துத்தான் கொடுப்பான் என்ற அளவுக்கு அவர் நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் நடப்பதோ ஒளிவுமறைவான வேலை அல்ல. ஒப்பந்தத்தை அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆயினும் ஷோரூமில் நிற்கும் விற்பனையாளர், நாம் கேட்டாலொழிய அதைச் சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

ராமேஸ்வரம் டிராவல்ஸ் எழுதியது:

நான் சுற்றுலாப் பயணிகளைத் தனுஷ்கோடிக்கும் தேவிபட்டினத்துக்கும் ஏற்றிச் செல்பவன். பயணி பெயரைக் கேட்பார், "இன்னோவா இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. அதே ஹைகிராஸ்தான் என்று சொல்லி ஒரு நண்பர் இன்விக்டோ வைத்திருக்கிறார். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அவர் இரண்டு நிமிடம் விளக்கம் சொல்கிறார். வாடகைக்கு ஓட்டுபவனுக்கு அந்த விளக்கம் ஒரு செலவு. சொந்த உபயோகத்துக்கு அது இல்லை.

இரட்டை என்றாலும் வசதிகள் அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஹைகிராஸின் உயர்ந்த வகையில் உள்ள, தானாகப் பிரேக் பிடிக்கும் ஏடாஸ் வசதி, இன்விக்டோ அறிமுகமானபோது அதில் இல்லை. இரும்பு ஒன்றானாலும் பட்டியல் வேறு. ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள்.

பழைய காராக விற்கும்போது பெயர் பேசும். அமெரிக்காவில் ஒரே ஆலையில் டொயோட்டா கொரோலாவும் அதன் இரட்டையான ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸமும் இறங்கின. பழைய கார்ச் சந்தையில் கொரோலாவுக்குக் கிடைத்த விலை பிரிஸத்துக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் எர்டிகாவுக்கே வாங்குபவர்கள் வரிசையில் நிற்பதால் இந்த வாதம் இங்கே எந்தப் பக்கம் சாயும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தேவிபட்டினத்தான் எழுதியது:

ஆசிரியை அவர்கள் சொன்ன சிகாகோ வழக்கைப் படித்த பிறகு என் சொல்லைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஒட்டுவது ஏமாற்று அல்ல. கேட்டும் சொல்லாமல் இருப்பது ஏமாற்று. என் மைத்துனர் ஒரு ஷோரூமில் (பெயர் வேண்டாம்) "இது வேறு கம்பெனியின் கார்தானே?" என்று நேராகக் கேட்டதற்கு, "எங்கள் பொறியாளர்கள் முழுவதும் மாற்றிவிட்டார்கள் சார்" என்று பதில் வந்ததாம். என் கோபம் அங்கிருந்து வந்தது.

மண்டபம் மெக்கானிக் எழுதியது:

அப்படிச் சொன்னால் போனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இன்ஜின் வார்ப்பிலும் மூடிகளிலும் செய்தவரின் குறி இருக்கும். அதை அழித்து வார்க்க ஒருவரும் மெனக்கெடுவதில்லை.

ரீகால் விஷயத்தையும் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிக்க மாருதி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தபோது, அதே நாள்களில் டொயோட்டாவும் கிளான்சா, ஹைரைடர் ஆகியவற்றில் 1,390 கார்களை அழைத்தது. குறையும் இரட்டையாகத்தான் பிறக்கிறது. ஆகவே ஒரு பெயருக்கு ரீகால் வந்ததாகச் செய்தி படித்தால், மற்றப் பெயரை வைத்திருப்பவர் அது தனக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டாமல் தன் சேசிஸ் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

கீழக்கரைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிராண்ட் விட்டாரா பகடிக்குச் சிரித்தார். சிகாகோ வழக்கை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் மறுபடி கிளம்பினோம். இந்த முறை நிறத்தைப் பற்றியோ சின்னத்தைப் பற்றியோ பேசவில்லை. ஆசிரியை அவர்கள் சொன்னபடி நான்கு விவரங்களை இரண்டு இடங்களிலும் எழுத்தில் கேட்டோம்: வாரண்டியை ஐந்தாம் ஆண்டு வரை நீட்டிக்க என்ன தொகை, முதல் மூன்று ஆண்டு சர்வீஸுக்கு உத்தேசச் செலவு, முன் பம்பருக்கும் விளக்குக்கும் தனித்தனி விலை, முன்பதிவிலிருந்து கைக்கு வர எத்தனை வாரம். முன் பம்பரைக் கேட்டது வாப்பா. "இரண்டுக்கும் வேறாக இருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள், அப்படியானால் இடித்தால் எது கிடைக்கத் தாமதமாகும் என்று அதைத்தானே கேட்க வேண்டும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

தாள்களை வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தொகைகளில் பெரிய வேறுபாடு இல்லை. நாங்கள் கேட்ட சிஎன்ஜி வகைக்குக் காத்திருப்புதான் வேறுபட்டது. 2023இல் ரூமியன் சிஎன்ஜிக்கு முன்பதிவையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்தவர் ஆலையிலிருந்து வரும் காருக்கு, அந்த ஆலை கொடுக்கும் பங்கைப் பொறுத்துத்தான் வரத்து இருக்கும்போல. லாத்தாவின் (அக்காவின்) பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வருவதற்குள் கார் வேண்டும். வாப்பா எர்டிகா தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "சின்னத்தை நான் தம்மாமிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன்" என்றார். முன்பணம் கட்டிவிட்டோம்.

மண்டபம் மெக்கானிக் எழுதியது:

நல்லது தம்பி. கார் கைக்கு வந்த வாரத்திலேயே அடித்தகட்டுப் பூச்சு அடித்துவிடுங்கள். ஆனால் வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பாலம் தாண்டிப் போய் வந்த ஒவ்வொரு முறையும் மேலே துடைப்பதை விட்டுவிட்டு, முதலில் கீழே நல்ல தண்ணீர் அடியுங்கள்.